குமரேசன் பழைய நம்பர்

திருவண்ணாமலையில் யாருடைய வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் குழுக்களின் முகப்பில் மலைதான் இருக்கும். பால் சொசைட்டிக்கு மலை, மகளிர் குழுவுக்கு மலை, பள்ளிக்கூட வேன் குழுவுக்கும் மலை. கிழக்கே நின்று எடுத்த அதே படம், உச்சியில் அதே துண்டு மேகம். யாராவது ரோஜாப்பூவையோ சூரிய உதயத்தையோ வைத்திருந்தால் அவர் வெளியூரிலிருந்து வந்து லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்தவர் என்று நாங்கள் முடிவு கட்டிவிடுவோம். இத்தனை மலைகளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் இத்தனை நாள் ஒரு தப்பும் நடக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம். கடைசியில் அதுவும் நடந்தது. தை மாதம், ஒரு புதன்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணிக்கு, சந்திரகலாவின் கையால் நடந்தது.

சந்திரகலாவுக்கு முப்பத்தேழு வயது. வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் ஆயா வேலை. வகுப்பு பெருக்க வேண்டும், எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மூக்கு சிந்திவிட வேண்டும், சாயந்திரம் ஆய்வகத்துக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் அவள் ஆசையாகச் செய்வாள். எந்தக் குடுவை எந்த அலமாரியில், எந்த பாட்டிலைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆய்வக உதவியாளர் மே மாதத்தோடு ஓய்வு பெறப் போகிறார். பத்தாவது பாஸ் சான்றிதழ் மட்டும் கொண்டுவா, அந்த வேலை உனக்குத்தான், ஜூன் மாதம் பள்ளி திறக்கிற வரைக்கும் வேறு ஆள் போட மாட்டேன் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

பத்தாவதில் அவளுக்கு நின்றுபோனது கணக்கு ஒன்றுதான். பதினேழு வயதில் ஒருமுறை நின்றது. கல்யாணமாகி, பையன் வேலூரில் விடுதியில் தங்கிப் பாலிடெக்னிக் படிக்கிற அளவுக்கு வளர்ந்தும் விட்டான். நான்கு வருஷத்துக்கு முன்னால் தனித்தேர்வராக மறுபடி எழுதினாள். தெருவுக்கே சொல்லிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு போய் எழுதினாள். இருபத்தெட்டு மார்க் வந்தது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அன்று முழுக்கக் கூடவே உட்கார்ந்து ஆறுதல் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். மூன்று மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இந்த வயசில் கணக்கு வரலைன்னா என்ன விடு என்றாள். பெயிலானதைக்கூடத் தாங்கிக்கொண்ட சந்திரகலாவால் அந்த ஆறுதலைத் தாங்க முடியவில்லை. இனி எழுதினால் பாஸான பிறகுதான் வாயைத் திறப்பது என்று முடிவு செய்தாள். புருஷன் குமரேசனிடமும் சொல்லவில்லை. அவன் நல்லவன்தான். ஆனால் ஆட்டோ ஓட்டுகிறவன், கோபுரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு போவதற்குள் வீட்டுக் கதை முழுவதையும் சவாரியிடம் சொல்லி முடித்துவிடுவான்.

அவள் படித்தது போனில். கீழ்பென்னாத்தூரில் டியூஷன் எடுக்கிற மதிவதனி என்கிற பெண், வயது இருபத்தாறு, பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தாள். ஒன்பது பேர். முகப்பில் மலைதான், வேறு என்ன. தினம் காலை ஆறு மணிக்குள் ஒவ்வொருத்தியும் ஒரு கணக்கைத் தன் சொந்த வார்த்தையில் விளக்கிக் குரலில் அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்கிற மாதிரி சொல்லணும், புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் செல்லாது என்பது மதிவதனியின் சட்டம். அதோடு கூகுளில் எல்லாரும் சேர்ந்து எழுதுகிற ஒரு பக்கமும் உண்டு. அதற்குப் பெண்கள் பொது நோட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு நிறம். ஒருத்தி கணக்கை ஆரம்பிப்பாள், இன்னொருத்தி திருத்துவாள். போனில் அடிக்க வராத வர்க்கமூலத்தையெல்லாம் தாளில் எழுதிப் படம் பிடித்து ஒட்டுவார்கள். சில தாள்களில் மஞ்சள்தூள் விரல் பதிந்திருக்கும்.

சந்திரகலாவுக்கு அந்தப் பொது நோட்டைத் திறந்தாலே குஷி வந்துவிடும். குமரேசன் முதல் சவாரிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனதும், விடிகாலை இருட்டில் அடுப்பில் உலையை வைத்துவிட்டு அதைத் திறப்பாள். பச்சை நிற எழுத்து ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். கீழ்பென்னாத்தூரில் டிபன் கடை வைத்திருக்கிற ஜோதியம்மாள் எழுந்துவிட்டாள், ஒரு கையால் மாவைக் கலக்கிக்கொண்டே ஒற்றை விரலால் அடிக்கிறாள் என்று அர்த்தம். இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது. இவள் ஊதா நிறத்தில் அடுத்த வரியை அடிப்பாள். பச்சை ஒரு கணம் நிற்கும். பிறகு, "ஆமாடி, நீ சொல்றதுதான் சரி" என்று கணக்குக்கு நடுவிலேயே வரும். பௌர்ணமிக்கு மட்டும் விடுமுறை. அன்றைக்கு மலை சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கினால் எங்கள் ஊரில் நெட் என்பதே கிடையாது.

அந்தப் போன் ஒரு காலத்தில் குமரேசனுடையது. தீபாவளிக்கு அவன் புதுப் போனும் புது நம்பரும் வாங்கிக்கொண்டு பழையதை சிம்மோடு அவளிடம் கொடுத்துவிட்டான். கோபுரத்துக்கு எதிரே இருக்கிற ஆட்டோ ஸ்டாண்டின் குழுவில் புது நம்பரைச் சேர்த்தார்களே தவிர, பழைய நம்பரை யாரும் எடுக்கவில்லை. நாற்பத்து மூன்று டிரைவர்களின் போன்களிலும் சந்திரகலா, 'குமரேசன் பழைய நம்பர்' என்ற பெயரில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழுவின் முகப்பிலும் மலை. இரண்டு மலைகளும் அடுத்தடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன.

அந்தப் புதன்கிழமை நல்ல பனி. மொச்சைக்கொட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மதிவதனி கொடுத்திருந்த பாடம் ஏற்றக்கோணம். முன்பு பரீட்சையில் அவள் பயந்து விட்டுவிட்டு வந்த பாடம் அது. முதல் நாள் முழுக்க மண்டையை உடைத்து, கடைசியில் சட்டென்று பிடிபட்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் புகையால் கண் கலங்க, மலையைத் தொட்டு, மைக்கை அழுத்திப் பேசினாள்.

"அக்கா, எல்லாரும் கேளுங்க. ஏற்றக்கோணம்னா ஒண்ணுமில்ல. நீங்க ராஜகோபுரத்துக்கு எதிர்ல நிக்கிறீங்க. நேரா பாத்தா பூக்கடை தெரியும். கலசத்தப் பாக்கணும்னா தலைய நிமித்தணும் இல்ல? எவ்ளோ நிமித்துறீங்களோ அதான் ஏற்றக்கோணம். நாப்பத்தஞ்சு டிகிரி நிமித்துனா, நீங்க நிக்கிற எடத்துலருந்து கோபுரம் எவ்ளோ தூரமோ, அவ்ளோதான் அதோட ஒசரம். டேன் நாப்பத்தஞ்சு ஒண்ணு. இதுக்கு பயந்துதாங்க்கா நான் போன தடவ இருவத்தெட்டு வாங்கனேன். இந்த தடவ விடமாட்டேன். எங்க வூட்டுக்காரருக்குக்கூட தெரியாது. பாஸ் பண்ணிட்டுதான் சொல்லணும்னு இருக்கேன்."

குழம்பை இறக்கினாள், குளித்தாள், சோற்றைக் கட்டிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

பத்து மணி இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்தபோது தொண்ணூற்றேழு செய்திகள் இருந்தன. மதிவதனியின் குழுவில் அவ்வளவு வந்ததே இல்லை. திறந்தாள். 'குமரேசா, உன் பழைய நம்பர் பொம்பளைக் குரல்ல பேசுதுடா' என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்து கைதட்டல் படங்கள். வளவன் என்கிற இளம் டிரைவர், அண்ணி சூப்பர் என்றிருந்தான். நம்ம ஸ்டாண்டு கோபுரத்துலருந்து எத்தனை டிகிரி என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சந்திரகலாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. எல்லாரிடமிருந்தும் அழிக்கிற பொத்தானைத் தேடிப் பிடித்து அழித்தாள். உடனே வளவன், அண்ணி அழிச்சிட்டாங்க, கேக்காதவங்களுக்காக நான் போடறேன் என்று, தன் போனில் சேமித்துவைத்திருந்ததை மறுபடி அனுப்பினான். பாவி நல்ல மனசோடுதான் செய்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அவள் கொஞ்ச நேரம் அழுதாள்.

சாயந்திரம் பள்ளி வாசலில் குமரேசனின் ஆட்டோ நின்றது. வழக்கமாக அந்த நேரம் அவன் வேங்கிக்கால் பக்கம் வருவதில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள். கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் அவன் வண்டியைப் புளியமரத்து ஓரமாக நிறுத்தினான்.

"நாப்பத்தி மூணு பேருக்கு தெரியுது, எனக்கு தெரியல. வளவன் வந்து கேக்கறான், அண்ணி பரீட்சை எழுதறத நீ சொல்லவே இல்லியேன்னு. நான் இன்னா சொல்றது?"

"இன்னா சொன்னீங்க?"

"எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்டி சொன்னீங்க?"

"பின்ன, என் பொண்டாட்டி எங்கிட்டயே சொல்லலன்னு ஸ்டாண்டுல சொல்லிக்கினு திரியச் சொல்றியா?"

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் முகம் விழுந்து கிடந்ததைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆறுதல் சொல்லிச் சொல்லியே தங்கம்மாள் தன்னைக் கொன்றதைச் சொன்னாள். இப்போது ஒரு தெருவுக்குப் பதில் நாற்பத்து மூன்று வீடுகள், அவ்வளவு ஆறுதலையும் வாங்கிக்கொள்ளத் தன்னால் முடியாது, பரீட்சைக்கே போகப் போவதில்லை என்றாள். குமரேசன் கேட்டுக்கொண்டே வண்டியின் கண்ணாடியைத் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி அது.

"எழுதறதும் எழுதாததும் உன் இஷ்டம்" என்றான். "ஆனா தருமண்ணன் உன் கணக்கு தப்புங்கறாரு."

சந்திரகலா நிமிர்ந்தாள். "எது தப்பு?"

"ஏதோ சொன்னாரு. ஒசரம் ஒதைக்குதாம்."

"எப்டி ஒதைக்கும்? டேன் நாப்பத்தஞ்சு ஒண்ணு. வண்டிய எடுங்க, ஸ்டாண்டுக்கு போங்க."

தருமன் அந்த ஸ்டாண்டில் எதற்கும் எதிர்ப்பேச்சு பேசுகிற ஆள். டீ சூடாக இருந்தால் ஆறவில்லை என்பார், ஆறியிருந்தால் சூடில்லை என்பார். ஆட்டோவுக்கு வருவதற்கு முன் பைபாஸ் ரோடு போட்டபோது சர்வேக்காரர்களுக்குக் கருவி தூக்கியவர். சந்திரகலா அவர் முன்னால் போய் நின்று எது தப்பு என்று கேட்டபோதும் அவர் அசரவில்லை.

"தங்கச்சி, நீ தரையில படுத்துக்கினா கோபுரத்த பாக்கற? நின்னுக்கினுதானே பாக்கற. உன் கண்ணு தரையிலருந்து எவ்ளோ மேல இருக்குது? அத யாரு சேக்கறது? சர்வேயரு மொதல்ல கருவியோட ஒசரத்ததான் எழுதுவாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. படம் மனசுக்குள் வந்துவிட்டது. முக்கோணம் தரையிலிருந்து எழவில்லை, அவள் கண்ணிலிருந்து எழுகிறது. அதற்குக் கீழே அவள் உயரம் அப்படியே மிச்சம் நிற்கிறது. அன்று இரவே பொது நோட்டில் ஊதா நிறத்தில் தன் விளக்கத்தை அடித்துத் திருத்தினாள். எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்று மதிவதனி அதை மஞ்சள் கட்டத்துக்குள் போட்டாள். பரீட்சைக்குப் போகப் போவதில்லை என்று சொன்னதை சந்திரகலாவும் மறந்துபோனாள், குமரேசனும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் ஸ்டாண்டு அத்தோடு விடவில்லை. வாயால் பேசினால் போதாது, அளந்தே பார்த்துவிடலாம் என்று வளவன் கிளப்பிவிட்டான். மதிவதனி குழுவில் வழி சொல்லிக் கொடுத்தாள்: பாகைமானியின் நேர் விளிம்பில் ஜூஸ் உறிஞ்சுகிற குழலை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நூலின் முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட வேண்டும். குழல் வழியே பார்க்கும்போது நூல் தொண்ணூறிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் கோணம். நட்டுக்கு ஆட்டோ ஸ்டாண்டில் பஞ்சமா? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, கூட்டம் ஏறுவதற்கு முன்னால், பதினைந்து டிரைவர்களும் சந்திரகலாவும் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மதிவதனியும் கோபுரத்துக்கு எதிரே கூடினார்கள். மதிவதனியோடு கையில் தூக்குவாளியுடன் ஒரு பருத்த அம்மாள் இறங்கினாள். "ஊதா நீதானா?" என்றாள். "பச்சை?" என்றாள் சந்திரகலா. இருவரும் நடுத்தெருவில் கட்டிக்கொண்டார்கள். கடையை மூடிவிட்டு வந்ததற்கு அடையாளமாக ஜோதியம்மாள் நாற்பது இட்லி கொண்டுவந்திருந்தாள்.

சந்திரகலா குழலில் ஒரு கண்ணை வைத்துக் கலசத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள். மாட்டின் மேலோ பைக்கின் மேலோ முட்டாமல் குமரேசன் அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். நூலைப் பார்த்துக்கொண்டே வந்த வளவன், ஐம்பது, நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு என்று ஏலம் விடுகிற மாதிரி கத்தினான். நாற்பத்தைந்து என்றதும் எல்லாரும் நில் நில் என்றார்கள். பூ விற்கிறவர்கள் கூடையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். இங்கே என்ன கூட்டம் என்று கேட்டு வந்த போலீஸ்காரர், விஷயம் தெரிந்ததும் மேஸ்திரி நாடாவின் ஒரு முனையைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார். கலசம் வாசலுக்கு நேர் மேலே நிற்கிறது, அதனால் சுவரிலிருந்து அளக்கக் கூடாது, வாசல் நடுவிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று தருமன் அங்கேயும் ஒரு சண்டை போட்டார். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அறுபத்து மூன்றரை மீட்டர் வந்தது. அதோடு சந்திரகலாவின் கண் உயரம். குமரேசன் நடுத்தெருவில் குனிந்து அவள் பாதத்தில் நாடாவை வைத்துக் கண் வரை இழுத்தான். அவள் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மீட்டர் நாற்பது. ஆகமொத்தம் அறுபத்து நாலு மீட்டர் தொண்ணூறு. கோபுரம் அறுபத்தாறு மீட்டர் என்று போன் சொன்னது. ஒரு மீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். பதினைந்து பேரும் விசில் அடித்தார்கள். நாடா நடுவில் தொய்ந்துவிட்டது, அதுதான் குறைகிறது என்றார் தருமன். வாயில் இட்லி இருந்ததால் இந்த முறை அவரால் நிறையப் பேச முடியவில்லை. இருபத்தெட்டு மார்க் வாங்கிய தன் கணக்கு ஒரு தெருவையே நிறுத்திவைத்திருக்கிறது என்பதைப் பார்க்கப் பார்க்க சந்திரகலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சாப்பிட வருகிற குமரேசன், ஸ்டாண்டில் கேட்கச் சொன்னார்கள் என்று ஒரு கேள்வியோடு வந்தான். வளவனின் மனைவி மதிவதனியின் குழுவில் சேர்ந்தாள். ஒருநாள் தங்கம்மாள் முறுக்கோடு வந்து சுற்றிவளைத்துப் பேசிவிட்டு, தானும் எட்டாவதோடு நின்றவள்தான், அந்தப் போன் பள்ளிக்கூடத்தில் தன்னையும் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டாள். சந்திரகலா சேர்த்துவிட்டாள். ஆனால் ஸ்டாண்டு குழுவில் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் கேட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் பாஸ் என்று பேசுவது, இல்லையென்றால் அந்தப் பழைய நம்பரையே தூக்கிப்போட்டுவிடுவது என்றிருந்தாள்.

பங்குனி வெயிலில் பரீட்சை எழுதினாள். முதல் பாதி கையை விட்டுப் போய்விட்டது. வடிவியல் கேள்வியை இரண்டு முறை அடித்துவிட்டுக் கடைசியில் விட்டுவிட்டாள். பக்கத்தைத் திருப்பினாள். ஐந்து மார்க் கேள்வி: ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒருவர் ஒரு கோபுரத்தின் உச்சியைப் பார்க்கிறார். அவளுக்குக் காதில் தருமனின் குரல்தான் கேட்டது. தரையில் படுத்துக்கொண்டா பார்க்கிறாய்? பேனாவை எடுத்து, முதல் வேலையாக அந்த ஒன்றரை மீட்டரைத்தான் எழுதினாள்.

மே மாதம் முடிவு வந்த அன்று அவள் ஆய்வகத்தில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். பொது நோட்டில் மதிவதனி கட்டம் போட்டு வைத்திருந்தாள். பச்சை நிறத்தில் ஐம்பத்திரண்டு என்று வந்து விழுந்தது. சந்திரகலா பதிவு எண்ணை மூன்று தடவை தப்பாக அடித்து, நான்காவது தடவை சரியாக அடித்தாள். கணிதம், முப்பத்தெட்டு, தேர்ச்சி. வேண்டியது முப்பத்தைந்து. அவள் மனசு தானாக ஒரு கழித்தல் போட்டது. முப்பத்தெட்டில் அந்தக் கோபுரக் கேள்வியின் ஐந்து போனால் முப்பத்து மூன்று.

குமரேசன் கண்டிப்பாக வெளியில் இருப்பான் என்று தெரிந்து வாசலுக்கு ஓடினாள். அவன் வண்டியை விட்டு இறங்கி, வெயிலில், செருப்பைக்கூடப் போடாமல் நின்றிருந்தான். அவள் கிட்டே போய் அவன் காதில் மட்டும் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். பிறகு, ஸ்டாண்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டான். நானே சொல்கிறேன் என்றாள்.

போனில் இரண்டு மலைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. நன்றாக உற்றுப் பார்த்து, ஆட்டோ ஸ்டாண்டு மலையைத் தொட்டு, மைக்கை அழுத்தினாள்.

"தருமண்ணா, நான் சந்திரகலா பேசறேன். முப்பத்தெட்டு. உங்க ஒண்ணரை மீட்டரையும் சேத்துதான்."

விரலை எடுத்தாள். கால் நிமிஷம் போயிருக்காது, குமரேசனின் போன் அடித்தது. வளவன்தான். சத்தம் வெளியே கேட்டது. பின்னால் பத்துப் பதினைந்து ஆட்டோக்கள் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, அதற்கு மேலே வளவன், அண்ணே, அண்ணி பாஸாயிட்டாங்கண்ணே என்று கத்தினான்.

குமரேசன் மனைவியைப் பார்த்தான்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா" என்றான்.